தொழிற்கூடப் பயிற்சி எப்போது பயன் தரும்?

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இக்கழகம் தோன்றிய காலத்தில் நம் பெற்றோர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "என் பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறிவிடுவானா?" என்பதே அது. 25 ஆண்டுகள் கடந்த பின்னர் இன்று அந்தக் கேள்வி மாறியிருக்கிறது. "தேறிய சான்றிதழ் கையில் இருக்கிறது, தொழிற்சாலையின் வாயிலுக்குள் சென்ற பிறகு என் பிள்ளைக்கு எந்த இடம் கிடைக்கும்? யார் அவனுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுப்பார்?" என்று இன்று கேட்கிறார்கள். இதுவும் கல்வியைப் பற்றிய கேள்விதான். ஆகையினால்தான் 'தொழிற்கூடத்தில் தரப்படும் பயிற்சி ஒரு நிறுவனத்திற்கு எப்போது மிகுந்த பயன் தரும்?' என்னும் பொருளை எனக்கு அளித்திருக்கிறார்கள் என எண்ணுகிறேன்.

"முதலாளியின் பயனைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான ஐயம்தான். அதற்கு என் விடை இது. கருணையினால் தரப்படும் பயிற்சி, வாணிகம் மந்தமானதும் முதலில் நிறுத்தப்படும். தனக்குப் பயன் தருகிறது என்று நிறுவனம் கண்டுகொண்ட பயிற்சியோ எளிதில் நிற்காது. எந்த நேரத்தில், யாருக்கு, எவ்வாறு பயிற்சி அளித்தால் தொழில் உயரும் என்பதை நாம் தெளிவாக அறிந்திருந்தால், வாயிலில் நின்று வேண்ட வேண்டியதில்லை. எதிரில் அமர்ந்து பேசலாம். மேலும், நம்மில் சிலர் இன்று சிறு தையற் கூடங்களையும் காலணி உதிரிப்பாகக் கூடங்களையும் தாமே நடத்துகிறார்கள். அவர்களுக்கும் இந்தச் செய்தி வேண்டியதே.

நான் நூலறிவு மிக்கவன் அல்லேன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன். எனவே நான் அறிந்த தொழிலை வைத்தே பேசுகிறேன்.

முன்னாளில் நம் வட்டாரத்துத் தொழிற்கூடங்களிலிருந்து பெரும்பாலும் பாதி பதனிட்ட தோலே அயல்நாடுகளுக்குச் சென்றது. ஆவாரம் பட்டையிலும் பின்னர் வாட்டில் பட்டைச் சாற்றிலும் பதனிட்ட தோல் அது. அதை மெருகேற்றிக் காலணியாகவும் பையாகவும் செய்து பெரும்பொருள் ஈட்டியவர்கள் அயல்நாட்டார். இந்நிலையை மாற்றக் கருதிய நடுவண் அரசு, சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 1973ஆம் ஆண்டில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அளவு விதித்தது. முழுமையாக்கிய தோலையும் தோற்பொருள்களையும் நோக்கித் தொழில் திரும்ப வேண்டியதாயிற்று. சுண்ணாம்புக் குழியும் பட்டைத் தொட்டியும் மட்டும் அறிந்திருந்த கூடங்களுக்குச் சீவும் இயந்திரமும், சாயப் பீப்பாயும், மெருகுத் தெளிப்பானும் வந்து சேர்ந்தன. தோலின் கனத்தை மில்லிமீட்டரின் சிறு கூறுகளாக அளந்து பார்க்கும் காலம் பிறந்தது.

அக்காலத்தில் நான் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த இளைஞன். நான் பணியாற்றிய கூடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் குழிதான் இடம். மெருகுப் பிரிவின் படியை மிதித்தால் மேஸ்திரி அதட்டுவார். புதிய இயந்திரம் வரப்போகிறது என்றவுடன் உரிமையாளர் தம் உறவினர் இருவரைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அவர்கள் சில வாரங்கள் கற்றுத் திரும்பினார்கள். ஆனால் இயந்திரம் வரவில்லை. உரிமம், சுங்கம் என்று மாதங்கள் பல கழிந்தன. இயந்திரம் வந்து இறங்கியபோது கற்றவர்களில் ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மற்றவர் கற்றதில் பாதியை மறந்துவிட்டார். முதல் நாள் சீவிய தோல்களில் பல கிழிந்து வீணாயின. இயந்திரத்தைப் பொருத்த வந்த பொறியாளர் அதைக் கண்டு, "இதன் முன்னால் நாள்தோறும் நிற்கப் போகிறவர் யார்? அவரைக் கூப்பிடுங்கள்" என்றார். தோலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த எங்களில் இருவர் முன்னே சென்றோம். நான்கு நாட்கள் எங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அதன் பின்னர் தோல் கிழிவது படிப்படியாகக் குறைந்தது. அந்த நான்கு நாட்களே என் வாழ்க்கையை மாற்றின.

இந்நிகழ்ச்சியைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதில் நம் கேள்விக்கான விடை முழுவதும் அடங்கியிருக்கிறது. சென்னையில் தந்த பயிற்சி தரத்திற் குறைந்ததன்று. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிய காலம் முதல் அந்நகரம் தோல் அறிவின் தலைநகராகவே விளங்குகிறது. குற்றம் காலத்திலும் ஆளைத் தேர்ந்ததிலும் இருந்தது. நாற்றங்காலைப் பாருங்கள். விதை நல்லதாயிருக்கலாம், நாற்றும் செழித்திருக்கலாம். வயலில் சேறு கூட்டாமல் நாற்றை நிறுத்தி வைத்தால் அது முற்றிப்போகும். பிறகு நட்டாலும் தூர் கட்டாது. பயிற்சியும் அத்தகையதே. கற்றதை மறுநாள் கையால் செய்யும் வாய்ப்பு இருக்கும்போது தரப்படும் பயிற்சியே நிலைக்கும்.

இனி, பயிற்சி மிகுந்த பயன் தரும் வேளைகளை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, புதியவர் வேலைக்கு வந்து சேரும் வேளை. முதல் சில நாட்களில் கை எதைப் பழகுகிறதோ அதுவே ஆண்டுக்கணக்கில் நிற்கும். தவறான முறையைப் பழகிய கையைத் திருத்துவது, பழகாத கைக்குக் கற்பிப்பதைவிடக் கடினம். ஆயினும் பல இடங்களில் புதியவரை ஒரு மூலையில் நிறுத்தி, "பார்த்துக் கற்றுக்கொள்" என்று விட்டுவிடுகிறார்கள். அவர் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் திறமையையும் குறையையும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, இயந்திரமோ, செய்பொருளோ, செய்முறையோ மாறும் வேளை. 1973க்குப் பிந்திய காலம் அத்தகையது. பின்னர் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்கூடங்களின் கழிவுநீரைப் பற்றித் தீர்ப்பளித்தபோது மற்றொரு மாறுதல் வந்தது. கழிவுநீரைத் தூய்மை செய்யாத கூடம் இயங்க இயலாது என்ற நிலையில், அதுவரை யாரும் கற்காத வேலைகள் பல முளைத்தன. இத்தகைய திருப்பங்களில் பழைய அனுபவம் மட்டும் போதாது. முன்னரே தம் ஆட்களைப் பழக்கிய நிறுவனம் ஓடும். பழக்காத நிறுவனம் இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதனை இயக்கத் தெரிந்தவரைத் தேடி அலையும்.

மூன்றாவது, ஒரே தவறு திரும்பத் திரும்ப நேரும் வேளை. இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. தவறு அறியாமையால் நேர்கிறதா, வேறு காரணத்தால் நேர்கிறதா என்பதை முதலில் ஆராய வேண்டும். நான் மேற்பார்வையாளனாக இருந்த ஒரு காலணித் தொழிற்சாலையில் மேல்பாகத் தையலில் தையல் விட்டுவிட்டு விழுந்தது. தைக்கும் பெண்களுக்கு மீண்டும் பயிற்சி அளிக்க ஆணை பிறந்தது. அவர்களுள் மூத்த பெண்மணி ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, எங்களுக்குத் தைக்கத் தெரியும். இந்த நூலுக்கு இந்த ஊசி பொருந்தாது" என்றார். ஊசியை மாற்றினோம், தையல் சீராயிற்று. ஊசியின் குற்றத்திற்கு ஆளுக்குப் பயிற்சி அளித்திருந்தால் பொருளும் வீண், பொழுதும் வீண், உழைப்பவரின் மனமும் புண். கூலி போதாமையினாலோ, மட்டமான தோலினாலோ, ஓய்வின்மையினாலோ நேரும் குறைகளுக்கும் இது பொருந்தும். பயிற்சி எல்லா நோய்க்கும் மருந்தன்று.

நான்காவது, ஒரு தொழிலாளி மேற்பார்வையாளராக உயரும் வேளை. நன்றாக வெட்டுபவர் நன்றாக வெட்டக் கற்பிப்பார் என்பது உறுதியில்லை. கற்பிப்பது தனித்தொழில். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய ஆட்கள் கிடைக்காமல், தொழில் அறியாத பெருந்திரளான மக்களை விரைந்து பழக்க நேர்ந்தது. 1940இல் தொடங்கிய 'தொழிலகத்துள் பயிற்சி' என்னும் திட்டம் அங்கே முதலில் மேற்பார்வையாளர்களுக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பித்தது. அம்முறை நான்கு படிகளைக் கொண்டது. கற்பவரின் அச்சத்தைப் போக்கி, அவருக்கு முன்பே என்ன தெரியும் என்று அறிதல் முதற்படி. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் காட்டி, அதன் காரணத்தையும் சொல்லுதல் இரண்டாம் படி. அவரையே செய்யச் சொல்லி, செய்யும்போதே விளக்கவும் சொல்லுதல் மூன்றாம் படி. பிறகு தனியே விட்டு, ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்பதைக் காட்டி, முதலில் அடிக்கடியும் பின்னர் எப்போதாவதும் சென்று பார்த்தல் நான்காம் படி. போருக்குப் பின்னர் இம்முறை ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் வேரூன்றியது. செலவு அதிகமில்லாத இந்த முறையை நம்மவர் நடத்தும் பத்துப் பேர் கூடத்திலும் நாளையே தொடங்கலாம்.

ஐந்தாவது, வேலை குறைந்திருக்கும் வேளை. காலணித் தொழிலுக்குப் பருவம் உண்டு. ஏற்றுமதி ஆணைகள் குவிந்திருக்கும்போது ஓர் இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் இழப்பு. ஒரு பருவத்திற்கும் அடுத்த பருவத்திற்கும் இடையில் அதே இயந்திரம் சும்மா கிடக்கிறது. அப்போது பயிற்சி தருவதன் செலவு மிகக் குறைவு. ஆனால் உலகத்தில் நடப்பது தலைகீழ். வேலை மிகுந்தால் "நேரமில்லை" என்கிறார்கள். வேலை குறைந்தால் "பணமில்லை" என்கிறார்கள். அடுத்த பருவத்தின் வேலை இன்னது என்று தெரிந்தவுடன், அதற்குச் சற்று முன்பாக, அதே வேலைக்காகத் தருவதே அறிவுடைமை. வெகு முன்னதாகத் தந்தால் என் பழைய உரிமையாளர் கண்ட கதைதான்.

இந்த ஐந்திற்கும் அப்பாற்பட்டது ஒன்று உண்டு. உயிர்காக்கும் பயிற்சிக்கு இலாபக் கணக்கும் பருவமும் பார்க்கலாகாது. தோலின் மயிரை நீக்கச் சல்ஃபைடு சேர்ந்த சுண்ணாம்பு நீரைப் பயன்படுத்துகிறோம். அந்நீருடன் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சுக்காற்று கிளம்பும். அடைபட்ட கழிவுத் தொட்டிகளிலும் அது தேங்கி நிற்கும். செறிவு மிகுந்தால் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்து நீங்கிற்று என்று எண்ணி இறங்கியவர் மீளமாட்டார். அவரைத் தூக்கப் போனவரும் மடிவார். தொட்டிக்குள் இறங்க அனுப்பப்படுபவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் 10 பேர் இறந்தனர். காற்றைச் சோதிக்காமலும், காப்புக் கருவி இல்லாமலும், பயிற்சி இல்லாமலும் எந்தத் தொட்டியிலும் இறங்காதீர்கள். கூலி போனாலும் போகட்டும். "இறங்க மாட்டேன்" என்று சொல்லக் கற்பதும் ஒரு பயிற்சியே.

இனி, உரிமையாளர்கள் கூறும் தடை ஒன்றை ஆராய்வோம். "நான் செலவழித்துப் பழக்குவேன், பழகியதும் அவன் அடுத்த கூடத்திற்குப் போய்விடுவான்" என்கிறார்கள். கேரி பெக்கர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1964இல் வெளியிட்ட நூலில் இச்சிக்கலை ஆராய்ந்து, பயிற்சியை இரு வகையாகப் பிரித்தார். எல்லா நிறுவனங்களிலும் செல்லுபடியாகும் பொதுத் திறன் ஒன்று. அந்த ஒரு நிறுவனத்தில் மட்டும் பயன்படும் தனித் திறன் மற்றொன்று. முதல் வகைக்குச் செலவிட நிறுவனம் தயங்கும். இரண்டாம் வகைக்கு முன்வரும் என்பது அவர் கருத்தின் சாரம். இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? பொதுத் திறனைத் தொழிற்பயிற்சி நிலையங்களும், சென்னை கிண்டியிலுள்ள மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் போன்ற அமைப்புகளும், நம் கழகம் போன்றவையும் தரவேண்டும். அந்த அடித்தளத்தோடு செல்பவருக்கு நிறுவனம் தன் தனித் திறனை எளிதில் கற்பிக்கும். பழகியவர் ஓடிவிடுவதற்குக் காரணமோ பெரும்பாலும் பழகிய பின்னும் பழைய கூலியையே தருவதுதான். திறன் உயர்ந்தால் இருக்கையும் உயரும், கூலியும் உயரும் என்று காட்டும் கூடத்தை விட்டு ஆட்கள் எளிதில் விலகுவதில்லை. இதனை என் கண்ணாற் கண்டிருக்கிறேன்.

அன்பர்களே, இறுதியாக, நம் நெஞ்சுக்கு நெருங்கிய செய்திக்கு வருகிறேன். யாருக்குப் பயிற்சி என்ற கேள்வியில் பிறப்பு குறுக்கே நிற்கும்போது என்ன நேரும்? முற்காலப் பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் நெசவுப் பிரிவில் கூலி மிகுதி. தார் தீர்ந்ததும் புதிய தாரை ஓடத்தில் இட்டு, நூல்முனையை வாயால் உறிஞ்சி இழுப்பது அங்கே வழக்கம். தீண்டத்தகாதார் வாய் வைத்த ஓடத்தில் நாங்கள் வாய் வைக்கமாட்டோம் என்று பிறர் மறுத்தமையால், நம் மக்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டார்கள். உழைப்பாளர் ஒற்றுமை பேசப்பட்ட 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, இந்த அநீதியை அண்ணல் அம்பேத்கர் அஞ்சாமல் எடுத்துரைத்தார். பின்னர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, தொழில்நுட்பப் பயிற்சித் திட்டமும் அத்துறையின் பொறுப்பாக இருந்தது. படிப்பு, பட்டம் என்பவற்றோடு கைத்திறனும் எந்திர அறிவும் நம் விடுதலைக்கு வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

ஓடத்தைத் தொடவிடாதவர்கள் நமக்கு இழைத்தது அநீதி. அதே வேளையில் அந்த ஆலைகளும் தமக்கே ஒரு கேட்டைச் செய்துகொண்டன. வேலை செய்ய வல்ல ஆயிரமாயிரம் கைகளுள் எவை சிறந்தவை என்று பார்க்காமல், பிறப்பை வைத்து வேலி போட்டுக்கொண்டன. என் பழைய கூடத்தில் உறவினருக்குத் தந்த பயிற்சி வீணானதும் அதே வேலியினால்தான். இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறவனுக்குக் கற்பிக்க மறுத்துவிட்டு, நிற்காதவனுக்குக் கற்பித்தார்கள். திறமைக்கும் தேவைக்கும் உரிய இடத்தைத் தராத பயிற்சி எந்த நிறுவனத்திற்கும் பயன் தராது.

சட்டம் நமக்கு ஒரு பிடியைத் தந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில், 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களை அமர்த்துவது கட்டாயம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பழகுநர் என்று பெயரெழுதிக்கொண்டு, குறைந்த உதவித்தொகைக்குப் பெட்டி தூக்கவும் தரை துடைக்கவும் ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் இடங்களும் உண்டு.

ஆகவே இளைஞர்களே, வாயிலுக்குள் நுழையுமுன் நான்கு கேள்விகளைப் பணிவாகவும் துணிவாகவும் கேளுங்கள். எனக்குக் கற்பிப்பவர் யார்? எந்த இயந்திரத்தில், எந்த வேலையைக் கற்பேன்? கற்றதை எப்போது தனியே செய்யத் தொடங்குவேன்? கற்று முடித்தபின் என் இருக்கை எது, கூலி என்ன? இவற்றிற்கு விடை சொல்லும் நிறுவனம் தன் தொழிலை அறிந்த நிறுவனம். விடை சொல்லாத நிறுவனத்திற்கு உங்கள் கை மட்டும் வேண்டும். உங்கள் அறிவு வேண்டியதில்லை. அங்கே சேர நேர்ந்தாலும், நாள்தோறும் கற்றதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சில மாதங்கள் ஏடு வெறுமையாகவே இருந்தால், நிலைமை உங்களுக்கே விளங்கிவிடும்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களில் வெட்டுபவர், தைப்பவர், சாயம் கலப்பவர், இயந்திரம் பழுது பார்ப்பவர் யார் யார் என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். ஒவ்வொரு பருவமும் தொடங்குவதற்கு முன் தொழிற்கூடங்களுக்குச் சென்று, "உங்களுக்கு எந்த வேலைக்கு, எப்போது ஆட்கள் தேவை?" என்று கேட்டறியுங்கள். அந்தத் தேவைக்கேற்ப, மூத்த தொழிலாளரைக் கொண்டு மாலை வேளைகளில் கற்பியுங்கள். காலணிக் கூடங்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களிலிருந்து மேற்பார்வையாளர்கள் எழ வேண்டும். ஊசியின் குற்றத்தைக் கண்டு சொன்ன அந்தப் பெண்மணி பணி ஓய்வு பெறும் நாள்வரை தையல் இருக்கையிலேயே இருந்தார். அவருக்கு ஏன் மேற்பார்வைப் பயிற்சி தரவில்லை என்று அன்று கேட்காமல் போனேனே என்பது இன்றளவும் என் மனத்தை உறுத்துகிறது. கேட்கும் இடத்தில் இருந்தவன் நான். அந்தப் பிழையை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு நான்கு நாட்கள் சொல்லிக் கொடுத்த அந்தப் பொறியாளரின் ஊரும் பேரும் கூட எனக்கு நினைவில்லை. அவர் கற்பித்த முறையை மட்டும் நான் மறக்கவில்லை. என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு அவ்வாறே கற்பித்தேன். நீங்களும் கற்றதைப் பிறருக்குக் கற்பியுங்கள். இக்கழகம் தன் பொன்விழாவைக் கொண்டாடும் நாளில், இங்கு அமர்ந்திருக்கும் இளைஞருள் ஒருவர் இம்மேடையில் நின்று, தாம் பழக்கி உயர்த்தியவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என விழைகிறேன்.

 ஜெய்பீம்!